மெத்தென்ற கறுவா குக்கி: ஈரத்தைப் பிடித்து வைப்பது எப்படி?

கடையில் வாங்கும் மொறுமொறு பிஸ்கட்டிலும், வீட்டில் சுடும் மெத்தென்ற குக்கியிலும் போடுகிற சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கோதுமை மா, சீனி, கொழுப்பு, கொஞ்சம் வாசனை. பிறகு ஏன் ஒன்று கடித்தவுடன் நொறுங்குகிறது, மற்றது பல்லுக்கு இதமாக இருக்கிறது? எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. மொறுமொறு பிஸ்கட்டில் நூற்றுக்கு 5 பங்குகூட ஈரம் மிஞ்சாத அளவுக்குச் சுட்டுக் காயவைத்திருப்பார்கள். மெத்தென்ற குக்கியில் அதைவிடக் கணிசமான ஈரம் நடுப்பகுதியில் தங்கியிருக்கும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது, எதனால் போகிறது, எது அதைப் பிடித்து வைக்கிறது என்று விளங்கிவிட்டால், எந்தச் செய்முறையைக் கையில் எடுத்தாலும் அதில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இதை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். காரணம், இணையத்தில் கிடைக்கும் குக்கி செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக் குசினியில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே கல்முனையிலோ கல்லடியிலோ செய்து பார்க்கிறவர்கள், மா தட்டு முழுக்கப் பரவி ஓடியதைக் கண்டு தங்கள் கைப்பக்குவத்தில்தான் குறை என்று நினைத்துவிடுகிறார்கள். கைப்பக்குவத்தில் குறை இல்லை. நம் ஊர் வெப்பத்தை அந்தச் செய்முறை கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அளவு. 16 குக்கிகளுக்கு 100 கிராம் பட்டர், 70 கிராம் வெள்ளைச் சீனி, 50 கிராம் சிவப்புச் சீனி, ஒரு முட்டை, 170 கிராம் கோதுமை மா, ஒரு மேசைக்கரண்டி கோன்பிளவர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள். உருண்டைகளை மேலே புரட்டி எடுக்க இரண்டு மேசைக்கரண்டி சீனியில் இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூள் கலந்து தனியாக வையுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பட்டர் பெரும்பாலும் உப்புப் போட்டதுதான். உப்பில்லாதது என்றால் மட்டும் ஒரு சிட்டிகை உப்புச் சேருங்கள். சின்ன இலத்திரனியல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. கோப்பையில் மாவை அமுக்கி அள்ளினால் ஒரு அளவு, தூவி நிரப்பினால் வேறொரு அளவு. குக்கி காய்ந்துபோவதற்கு முதல் காரணம் இப்படிக் கூடிப்போன மாதான்.

இப்போது இந்த அளவுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் தனியாக ஊற்றவில்லை. ஆனால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். 50 கிராம் முட்டையில் அது 37 கிராம் வரும். பட்டரில் நூற்றுக்கு 16 பங்களவு தண்ணீர். காய்ந்ததாகத் தெரியும் கோதுமை மாவிலும் நூற்றுக்கு 13 பங்கு அளவில் ஈரம் இருக்கும். கூட்டினால் ஏறக்குறைய 75 கிராம். 450 கிராம் கலவைக்கு இது சின்னத் தொகைதான். நாம் செய்யவேண்டியதெல்லாம் சூட்டுக்குள் போகும் இந்த 75 கிராமில் போதுமானதை வெளியே வரும்போதும் உள்ளே வைத்திருப்பது.

ஈரத்தைப் பிடித்து வைப்பதில் சீனிக்குத்தான் பெரிய பங்கு. சீனியை இனிப்புக்கு மட்டும் போடுகிறோம் என்று நினைத்து, "கொஞ்சம் குறைத்தால் உடம்புக்கு நல்லது" என்று பாதியாக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இனிப்புக் குறைவதோடு நிற்காது, குக்கி ரொட்டித் துண்டாக இறுகும். சீனி தண்ணீரைத் தன்னோடு சேர்த்துப் பாகாக்கி வைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் மாவிலுள்ள பசைச்சத்துக்கும் மாச்சத்துக்கும் முழுதாகக் கிடைக்காது. அதனால் அவை இறுகுவது தாமதமாகிறது, குக்கி மெத்தென்று இருக்கிறது. இனிப்பு உங்களுக்குக் கூடவாகத் தெரிந்தால் குக்கியைச் சின்னதாக உருட்டுங்கள், ஒன்று குறைவாகச் சாப்பிடுங்கள். மாவுக்குள் இருக்கும் சீனியில் கைவைக்க வேண்டாம்.

எந்தச் சீனி என்பதும் முக்கியம். வெள்ளைச் சீனிப் பாகு ஆறும்போது மறுபடி மணிமணியாகப் பளிங்காகும் குணம் கொண்டது. விளிம்பில் வருகிற மொறுமொறுப்பு அதனால்தான். சிவப்புச் சீனியில் கரும்புப்பாணி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அந்தப் பாணியிலுள்ள வேறு வகைச் சீனிகள் பளிங்காவதைத் தடுக்கும், காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுக்கும். முழுக்கச் சிவப்புச் சீனி போட்டால் குக்கி மெத்தென்று வரும், ஆனால் கறுவாவின் வாசம் பாணி வாசத்துக்குள் அமுங்கிப்போகும். அதனால்தான் இரண்டையும் கலக்கச் சொல்கிறேன். சிவப்புச் சீனி கிடைக்காவிட்டால், 120 கிராமும் வெள்ளைச் சீனியாகவே எடுத்து, அதில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்துவிட்டு, தயிருக்கு ஊற்றும் கித்துள் பாணியையோ தேனையோ ஒரு மேசைக்கரண்டி விடலாம். தேன் விட்டால் குக்கி சீக்கிரம் சிவக்கும், கண்ணை எடுக்கக் கூடாது.

அடுத்தது பட்டர். நம் ஊரில் ஆகக் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது இதுதான்.

குளிர் நாட்டுச் செய்முறையில் "அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்" என்று எழுதியிருந்தால் அது 20 பாகை செல்சியஸ் அளவு. விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் உருவம் கலையாது. மட்டக்களப்பில் மே, யூன் மாதப் பகலில் குசினிக்குள்ளேயே 30 பாகையைத் தாண்டிவிடும். பட்டர் 32க்கும் 35க்கும் இடையில் முழுதாக உருகிவிடுகிற பொருள். ஆக, நம் "அறை வெப்பநிலை" என்பது பட்டர் பாதி உருகி எண்ணெய் பிரியத் தொடங்கும் வெப்பநிலை. அப்படியான பட்டரைச் சீனியோடு எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே நிற்காது. நின்றாலும், ஓவனுக்குள் போன உடனே கொழுப்பு முழுக்க ஓடிப்போய்விடும். முட்டையும் மாவும் இறுகி உருவம் எடுப்பதற்குள் கலவை மெல்லிய தகடாகப் பரவிவிடும். மெல்லிய தகட்டில் ஈரம் எங்கே தங்கும்? தடிப்பான நடுப்பகுதி இருந்தால்தான் நடுவில் ஈரம் மிஞ்சும்.

ஆகவே பட்டரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் ஐந்து நிமிடமே போதும். விரல் அழுத்தினால் குழி விழவேண்டும், பட்டர் பளபளப்பாக எண்ணெய் கசியக் கூடாது. விடியற்காலையில் அல்லது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கலவையைத் தயார் செய்வது நம் ஊருக்கு மிகவும் தோதான வழி. மாஜரின் இவ்வளவு சீக்கிரம் உருகாது, கலவை நன்றாகவே நிற்கும், விலையும் குறைவு. ஆனால் கறுவாவும் பட்டரும் சேர்ந்து தருகிற ருசியை மாஜரின் தராது. பாதிக்குப் பாதி போடுவது நல்ல சமரசம்.

கலக்கும் முறை இலகு. பட்டரையும் இரண்டு சீனியையும் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் குழையுங்கள். கேக்குக்கு அடிப்பது போல வெளுத்துப் பொங்கும்வரை அடிக்க வேண்டாம். கூடக் காற்று ஏறினால் குக்கி பொங்கி எழுந்து, பிறகு அமுங்கிக் கேக் துண்டாகிவிடும். முட்டையையும் தேசிக்காய்ச் சாற்றையும் சேர்த்துக் கலந்துவிட்டு, அரித்து வைத்த மா, கோன்பிளவர், பேக்கிங் பவுடர், கறுவாத்தூள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். இந்த இடத்தில்தான் பலருடைய கை நிற்காது. ரொட்டிக்கு மா பிசைந்து பழகிய கை பிசையத்தான் பார்க்கும். மாவும் தண்ணீரும் சேர்ந்து பிசைபடப் பிசைபட, இழுபடும் பசை உருவாகும். ரொட்டிக்கு அது வேண்டும், குக்கிக்கு வேண்டாம். வெள்ளை மா கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். கோன்பிளவர் சேர்ப்பதும் இதற்காகத்தான். அதில் பசைச்சத்து கிடையாது, மொத்த மாவின் இறுக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள், முட்டைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கட்டியான எருமைத் தயிரைத் துணியில் வடித்துச் சேர்க்கலாம். புளிப்பு அதிலேயே இருப்பதால் தேசிக்காய் தேவையில்லை. குக்கி கொஞ்சம் கேக் பக்கம் சாயும், ஆனால் மெத்தென்றுதான் இருக்கும்.

தேசிக்காய் எதற்கு என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இந்த வகைக் கறுவா குக்கிக்கு 'கிரீம் ஒஃப் டார்டார்' என்று ஒரு புளிப்புத் தூளை அப்பச்சோடாவோடு சேர்ப்பார்கள். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் வாயு வரும், குக்கி உப்பும், நாக்கில் மெல்லிய புளிப்பும் மிஞ்சும். அந்தத் தூள் நம் பக்கத்துக் கடைகளில் இலகுவில் கிடைக்காது. பேக்கிங் பவுடரில் சோடாவும் புளிப்பும் ஏற்கனவே சேர்ந்திருப்பதால் உப்பவைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும், நாக்குக்கான புளிப்பைத் தேசிக்காய் கொடுக்கும். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது என்று அதே அளவுக்கு வெறும் அப்பச்சோடாவைப் போட்டுவிடாதீர்கள். காரத்தன்மை கூடி, குக்கி கூடப் பரவி, சீக்கிரம் கறுத்து, வாயில் சோப்பு ருசி நிற்கும்.

கறுவாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் குக்கியின் உயிர் அது.

கறுவா நம் கிழக்குக் கரையின் பயிர் கிடையாது. காலி, மாத்தறை போன்ற தென்மேற்கு ஈரவலயத்தில் விளைவது. ஆனால் அதைத் தேடி வந்த ஒல்லாந்தர் நம் கரையில்தான் இறங்கினார்கள். ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் கரையேறித்தான் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். கறுவாவும் மிளகும் அந்தப் பயணத்தின் நோக்கங்கள். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்ததும் அந்த வணிகத்தின் தொடர்ச்சிதான். உலகம் சண்டை போட்டுத் தேடிய அந்தப் பட்டை இன்று நம் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. குக்கிக்கு அதையே வாங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடையாளம் காண்பது எளிது. இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டது. கையால் நொறுக்கலாம், நிறம் வெளிறிய மண்ணிறம். ஆக உயர்ந்த ரகமான 'அல்பா'வின் சுருள் 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காது. மற்றொன்று 'கசியா'. ஒரே தடித்த பட்டை சுருண்டிருக்கும், செம்மண்ணிறம், கையால் உடைப்பது கஷ்டம். அதன் வாசம் காரமாக, முகத்தில் அடிப்பது போல வரும். கசியாவில் 'குமரின்' என்ற ஒரு பொருள் கூட இருக்கிறது, அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண பேக்கரிப் பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், பண்டிகைக்காலக் கறுவாப் பண்டத்தில் 50 மில்லிகிராம் என்று அதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். இலங்கைக் கறுவாவில் குமரின் மிக மிகச் சொற்பம். 2022இல் அதே ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பையும் கொடுத்தது.

பொடியாக வாங்கினால் எந்தப் பட்டை என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் பட்டையாக வாங்கி, ஒரு மணித்தியாலம் வெயிலில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியிலோ நுண்ணிய அரிதட்டிலோ அரித்து எடுங்கள். கொரகொரப்பாக இருந்தால் பல்லில் மரத்தூள் கடிபடுவது போல இருக்கும். வறுக்க வேண்டாம், வாசம் அடுப்பிலேயே போய்விடும். இன்னொன்று: கறுவாத்தூள் தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழப்பாகும் தன்மை உடையது. வாசம் கூட வேண்டும் என்று கலவைக்குள் இரண்டு மூன்று தேக்கரண்டி அள்ளிப் போட்டால், நாம் பாடுபட்டுச் சேர்த்த 75 கிராம் தண்ணீரில் அதுவும் பங்கு கேட்கும். உள்ளே ஒரு தேக்கரண்டி, மிச்சம் வெளியே சீனியோடு. மூக்குக்கு முதலில் எட்டுவது வெளியே உள்ளதுதான்.

கலவை தயாரானதும் மூடிப் பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். இந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கொழுப்பு மறுபடி இறுகும், மா ஈரத்தை ஒரே சீராக உறிஞ்சும், ஓவனுக்குள் பரவுவது குறையும். பிறகு 28 கிராம் அளவில், ஒரு பெரிய தேசிக்காய்க்குக் கொஞ்சம் சின்னதாக உருட்டி, கறுவாச் சீனியில் புரட்டி, எண்ணெய்க் கடதாசி விரித்த தட்டில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். உருட்டும்போது கையில் ஒட்டத் தொடங்கினால் கலவை சூடாகிவிட்டது என்று அர்த்தம். மா தூவாதீர்கள், திரும்பப் பிரிட்ஜில் வையுங்கள்.

ஓவனை 180 பாகைக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். மேசையில் வைக்கும் சின்ன ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, பின்பக்கம் எப்போதும் சூடு கூட இருக்கும். ஆகவே முதலில் ஒரேயொரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். பரந்துபோனால் மிச்சக் கலவையை இன்னும் அரை மணித்தியாலம் குளிரவையுங்கள். பரவாமல் உருண்டையாகவே நின்றால் அடுத்த உருண்டைகளை உள்ளங்கையால் கொஞ்சம் தட்டையாக்குங்கள். ஒரு குக்கியின் செலவில் பதினைந்தைக் காப்பாற்றலாம்.

ஒன்பது அல்லது பத்து நிமிடம். இந்தக் கட்டத்தில்தான் மெத்தென்ற குக்கியும் மொறுமொறு குக்கியும் பிரிகின்றன. வெளியே எடுக்கவேண்டிய நேரத்தில் குக்கி வெந்ததாகவே தெரியாது. விளிம்பு மட்டும் பிடித்திருக்கும், நடு வெளிறி, உப்பி, விரல் பட்டால் அமுங்கும். "பச்சையாக இருக்கிறதே" என்று மனம் பதறும். அப்போதே எடுங்கள். சுட்ட தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால், தட்டில் தங்கிய சூடும் குக்கியின் உள்ளே இருக்கும் சூடும் நடுப்பகுதியை வேகவைத்து முடித்துவிடும். உள்ளேயே விட்டுப் பொன்னிறம் வரும்வரை காத்திருந்தால், ஆறும்போது சீனிப்பாகு இறுகி, ஈரம் போய், கடிக்கும்போது சத்தம் கேட்கும். ஐந்து நிமிடம் கழித்துக் கம்பித் தட்டுக்கோ சுளகில் விரித்த துணிக்கோ மாற்றுங்கள். தட்டிலேயே கிடந்தால் அடிப்பக்கம் வியர்த்து நசிந்துவிடும்.

ஓவன் இல்லாத வீட்டிலும் சுடலாம். அடி தடித்த பெரிய சட்டியில் கழுவிக் காய்ந்த ஆற்றுமணலை ஓர் அங்குலத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு வளையமோ சின்ன முக்காலியோ வைத்து, இறுக்கமாக மூடி, மிதமான நெருப்பில் கால் மணித்தியாலம் சூடாக்குங்கள். குக்கித் தட்டை உள்ளே இறக்கி மூடினால் 13, 14 நிமிடம் பிடிக்கும். மேலிருந்து சூடு வராததால் மேற்பக்கம் சிவக்காது, அடிதான் சிவக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் விளிம்பு பிடித்ததா என்று மட்டும் பாருங்கள். அடி சீக்கிரம் கறுத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு வையுங்கள். மூடியில் நீர் கோத்துச் சொட்டாமல் இருக்க மூடியைத் துணியால் சுற்றிக் கட்டலாம், துணியின் நுனி நெருப்புக்குப் போகாமல் மேலே முடிந்துவிடவேண்டும்.

சுட்ட பிறகும் ஈரத்தைக் கவனிக்கவேண்டும். மார்கழி மழைக்காலத்தில் நம் பக்கத்துக் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 85ஐத் தாண்டுகிற நாட்கள் நிறைய. சீனி அந்த அளவுக்கு மேல் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். குக்கியின் மேலிருக்கும் கறுவாச் சீனி பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில், இடையிடையே எண்ணெய்க் கடதாசி வைத்து அடுக்குங்கள். சூடோடு மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் கெட்டுவிடும். கச்சான் வீசும் மாதங்களில் கதை மறுபக்கம். திறந்து வைத்தால் ஒரு பொழுதிலேயே விளிம்பு இறுகிவிடும். டப்பாவுக்குள் ஒரு துண்டுப் பாண் போட்டு மூடிவிடுங்கள். பாணிலிருக்கும் ஈரத்தைக் குக்கி எடுத்துக்கொள்ளும், பாண் காயும், குக்கி மெத்தென்று இருக்கும். பாணைத் தினமும் மாற்றவேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். இப்படி நான்கு, ஐந்து நாள் வைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுடவேண்டும் என்றும் இல்லை. உருட்டிய கலவையைச் சீனியில் புரட்டாமல் டப்பாவில் போட்டு உறைகுளிரில் வைத்தால் ஒரு மாதம் நிற்கும். வேண்டிய அன்று வேண்டிய எண்ணிக்கையை எடுத்து, மேற்பரப்பு கொஞ்சம் ஈரமாகும்வரை ஐந்து நிமிடம் வெளியே வைத்து, கறுவாச் சீனியில் புரட்டி, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். பின்னேரத் தேத்தண்ணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஓவனைப் போட்டுவிட்டு நான்கை மட்டும் எடுத்தால் போதும். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவருக்குரியதை ஒரு நிமிடம் முந்தி எடுத்துவிடுங்கள்.